மைக்ரோராப்டர் உருவம்: மூங்கில், காகிதம், நான்கு கருஞ்சேவலின் இறகு

இறகு டைனோசர் செய்யப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஒரு பல்லியைச் செய்துவிடுகிறார்கள். பிறகு அதன் முதுகிலும் கையிலும் இறகை ஒட்டுகிறார்கள். எவ்வளவு நல்ல இறகாக இருந்தாலும் அது ஒட்டுப்போட்டது போலவே தெரியும். காரணம் எளியது. சிறகின் பெரிய இறகுகள் தோலோடு நிற்பவை அல்ல, எலும்பைப் பிடித்து நிற்பவை. மங்கோலியாவின் வெலாசிராப்டர் ஒன்றின் முன்கை எலும்பில், இறகு பற்றியிருந்த சிறு முடிச்சுகள் வரிசையாக இருப்பதை 2007இல் கண்டு வெளியிட்டார்கள். ஆகவே வேலையை எலும்பிலிருந்து தொடங்க வேண்டும். எந்த எலும்பில் எந்த இறகு என்று முதலில் முடிவாகட்டும், பசை பிறகு வரட்டும்.

ரங்கூனிலோ மோல்மேனிலோ கோடை விடுமுறைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளோடு செய்ய ஏற்றது மைக்ரோராப்டர் என்னும் நான்கு சிறகு டைனோசர். வெலாசிராப்டர் என்றால் இரண்டு மீட்டர் நீளம். இறகும் இடமும் கட்டுப்படியாகாது. மைக்ரோராப்டர் குயி என்று 2003இல் சீன ஆய்வாளர் ஷூ ஷிங்கின் குழுவினர் பெயரிட்ட மாதிரி 77 செ.மீ. நீளந்தான், அதிலும் வாலே பெரும்பங்கு. உடல் காகத்தளவு. வடகிழக்குச் சீனாவின் லியாவோனிங் பகுதியில் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையுள்ள ஏரிப் படிவுகளில் 300க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன. பலவற்றில் இறகின் பதிவும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, நிறம் தெரிந்த டைனோசர் இது. இறகில் நிறம் தரும் மெலனோசோம் என்னும் நுண்துகள்களின் வடிவத்தை இன்றைய பறவைகளின் துகள்களோடு ஒப்பிட்டு, 2012இல் இதன் நிறத்தைப் பளபளக்கும் கருமை என்று காட்டினார்கள். ஒளி பட்டால் நீலமும் பச்சையும் ஓடும் கருமை. நாட்டுக் கருஞ்சேவலின் வாலில் இருப்பதும் அதே வகைப் பளபளப்புதான். சாயம் போட வேண்டியதில்லை.

காலம்: மார்ச்சில் தொடங்கி மே பாதிக்குள் முடித்துவிடுங்கள். மழை பிடித்த பிறகு காகிதம் காயாது. நடுவில் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஜான் வரும். அந்த வாரம் உருவத்தைத் தெருப்பக்க அறையில் வைக்காதீர்கள்.

மூன்று பத்தி நோட்டு

கம்பியை வெட்டுவதற்கு முன் ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள். முதல் பத்தியின் தலைப்பு ‘கல்’, அதாவது புதைபடிவத்தில் நேரே தெரிவது. இரண்டாவது ‘உறவு’, அதன் உறவினங்களையும் பறவைகளையும் பார்த்துச் சொல்வது. மூன்றாவது ‘ஊகம்’. உருவத்தில் செய்யப்போகும் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஒன்றில் விழ வேண்டும். சிறகின் இறகுகள் கல். மெலனோசோமின் வடிவம் கல், அதிலிருந்து சொல்லும் கருநிறம் உறவு. தொடைச் சதையின் பருமன் உறவு. கண்மணியின் நிறமும் பாதத் தோலின் நிறமும் ஊகம். கடைசியில் விளக்க அட்டை எழுதும்போது இந்த நோட்டைப் படியெடுத்தாலே போதும். பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியே ‘இது எப்படித் தெரியும்?’ என்பதுதான்.

படத்தை ஆய்வுக் கட்டுரையிலிருந்தோ அருங்காட்சியகத்திலிருந்தோ எடுங்கள், மாதிரி எண்ணோடு. 2003இல் வந்த மாதிரியின் எண் ஐ.வி.பி.பி. வி13352. விற்பனைக்காரர் போடும் புதைபடிவப் படங்கள் வேண்டாம், ஒட்டுவேலை அவற்றில் மலிவு. 1999இல் ஆர்க்கியோராப்டர் என்று உலகெங்கும் பேசப்பட்ட கல், யானோர்னிஸ் என்னும் பறவையின் உடலையும் மைக்ரோராப்டரின் வாலையும் சேர்த்து ஒட்டியது. அதைப் பார்த்து உருவம் செய்திருந்தால் உலகில் இல்லாத விலங்கைச் செய்திருப்போம்.

படத்தில் அளவுகோல் பட்டை இருக்கும். 5 செ.மீ. என்று போட்டிருக்கும் பட்டை, அச்சிட்ட தாளிலும் ஸ்கேல் வைத்தால் 5 செ.மீ. இருக்க வேண்டும். அச்சுக் கடையில் ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை நீக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் உருவம் சுருங்கிவிடும். முழு அளவுக்கு வினைல் பலகை அச்சிடும் கடையே வசதி. வளைந்த வாலை நூல் வைத்து அளந்துகொள்ளுங்கள். கல்லில் நீளத்தை மட்டும் எடுங்கள், அகலத்தை எடுக்காதீர்கள். மேலே படிந்த மண்ணின் பாரத்தில் விலா எலும்புகள் நசுங்கிப் பரந்திருக்கும். அந்த அகலத்தை நம்பிச் செய்தால் உடும்பு போன்ற தட்டை உடல் வரும். மார்பு பக்கவாட்டில் ஒடுங்கியது, கோழியைப் போல.

சட்டம்

வேண்டியவை: 2 மி.மீ. ஜி.ஐ. கம்பி 3 மீட்டர், விரல்களுக்கு 1.2 மி.மீ. கம்பி 2 மீட்டர், மெல்லிய கட்டுக்கம்பி, முற்றிய மூங்கில் ஒரு கணு, துணி டேப், எபாக்ஸி புட்டி, பழைய செய்தித்தாள், மைதா, வெள்ளைப் பசை, உருவம் உட்காரக் கைப்பருமன் கிளை ஒன்று.

மூங்கிலை 3 மி.மீ. அகலச் சிம்புகளாக வகிர்ந்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் வெங்காரம், 20 கிராம் போரிக் தூள் கலந்து இரண்டு நாள் ஊறப் போடுங்கள். இதை விட்டால் ஒரே வருடத்தில் உளுத்து, உருவத்தின் அடியில் மாவு கொட்டும். ஊறிய சிம்பு வளைக்கவும் இதமாக இருக்கும்.

முதுகுத்தண்டுக்கு 90 செ.மீ. கம்பி; மிஞ்சுவதைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். கைகளுக்கு 45 செ.மீ. இரண்டு, கால்களுக்கு 50 செ.மீ. இரண்டு. அச்சுப் படத்தின் மேலேயே கம்பியைக் கிடத்தி, மூட்டு வரும் இடங்களில் குறியிட்டுக் குறடால் மடியுங்கள். மூட்டுக்கு மூட்டு நீளம் பிசகினால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை. எல்லாக் கம்பியையும் துணி டேப்பால் சுற்றிவிடுங்கள். பசையில் சேர்க்கும் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) துத்தநாகப் பூச்சைத் தின்று கம்பியைத் துருவாக்கும். வெறுங்கம்பியில் காகிதமும் பிடிக்காமல் வழுக்கும்.

மூன்று இடத்தில் எல்லாரும் தவறுகிறார்கள்.

முதலாவது கை. உள்ளங்கை தரையைப் பார்க்கக் கூடாது. இந்த விலங்குகளால் மணிக்கட்டைத் திருகி உள்ளங்கையைக் கீழே கவிழ்க்க முடியாது. கைதட்டப் போகிறவர் போல இரு உள்ளங்கையும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். மணிக்கட்டில் பிறைவடிவ எலும்பு ஒன்று உண்டு. அதனால் கை பக்கவாட்டில் மடியும். கோழி சிறகை மடக்குவது போலவே. விரல் மூன்று, நடுவிலுள்ளதே நீளம்.

இரண்டாவது வால். குரங்கு வால் போல நெளிக்காதீர்கள். வால் எலும்புகளிலிருந்து நீண்ட மெல்லிய எலும்புக் கோல்கள் முன்னோக்கி ஓடி ஒன்றையொன்று கட்டிப்போட்டிருக்கும். அடிப்பகுதி மட்டும் நன்றாக மடங்கும், மீதி கோல் போல நிற்கும். கம்பியோடு, அடியில் 4 மி.மீ. இருந்து நுனியில் 2 மி.மீ. ஆகச் சீவிய மூங்கில் சிம்பு ஒன்றைச் சேர்த்துக் கட்டினால் அந்த விறைப்பு தானே வரும்.

மூன்றாவது தொடை. நான்கு சிறகு என்றதும் பின்காலையும் தட்டாரப்பூச்சி போல இருபுறமும் நீட்டிவிடுகிறார்கள். அப்படி விரிக்க வேண்டுமென்றால் தொடை எலும்பு இடுப்புக் குழியை விட்டுக் கழன்றுவிடும். கால் உடம்புக்குக் கீழே, சற்று வெளிப்புறமாக இருக்கட்டும். தரையில் நிற்க வைத்தால் பாதத்தின் நீண்ட இறகுகள் இழுபடும். கிளையில் அமர்த்துவதே பொருத்தம். பாதத்தில் இரண்டாம் விரலின் பெரிய நகம் கிளையைத் தொடாமல் உயர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதும் நான்காவதுமே பாரம் தாங்கும் விரல்கள். காலின் கம்பியை 6 செ.மீ. கூடுதலாக விட்டு, கிளையில் துளை போட்டு இறக்கி, புட்டியால் இறுக்குங்கள். இது ஆடினால் மேலே எதுவும் நிற்காது.

விலாவுக்கு மூங்கில் வளையம் ஐந்து போதும். முன்னும் பின்னும் சிறுத்து நடுவில் பெருத்திருக்கட்டும். உள்ளே கசக்கிய தாள் நிரப்புங்கள்.

காகிதம்

ஒரு கோப்பை மைதாவை ஒரு கோப்பைக் குளிர்நீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கோப்பைத் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி போலத் தெளியும். ஆறியபின் அரைத் தேக்கரண்டி மயில்துத்தத்தைக் கண்ணாடி டம்ளரில் வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம், பூஞ்சையும் கரப்பானும் அண்டாது. அலுமினியச் சட்டியில் இருக்கும்போதே சேர்த்தால் சட்டி ஓட்டையாகும். அது நஞ்சு. பெரியவர்கள் கையுறையோடு கலந்து பூச வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் மயில்துத்தம் இல்லாமல் அன்றன்றைக்குப் புதுப் பசை காய்ச்சிக்கொள்ளுங்கள். உப்பைச் சேர்க்காதீர்கள். அது கெடாமல் காக்கும் என்று சேர்க்கிறார்கள், ஆனால் மழைக்காலக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து உருவத்தை நமத்துப்போக வைப்பதே உப்புதான்.

தாளை வெட்டாமல் கையால் கிழியுங்கள், 2 செ.மீ. பட்டைகளாக. கிழிந்த ஓரம் ஒன்றோடொன்று கலந்துவிடும். வெட்டிய ஓரம் வரியாகத் தெரியும். நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது. ‘பியிட் தைங் டவுங்’ தஞ்சாவூர்ப் பொம்மை போலச் சாய்ந்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்கிற பர்மியக் கைவினைஞர்களுடைய வேலையும் இதே காகித அடுக்குத்தான். அருகில் யாரேனும் இருந்தால் அவர்கள் பட்டையை எப்படி இழுத்து ஒட்டுகிறார்கள் என்று ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடலை மெலிவாகவே வையுங்கள். இறகு ஏறியதும் எல்லாப் பக்கமும் ஒன்றரை செ.மீ. வரை பருக்கும். கழுத்தில் இது இன்னும் கண்ணுக்குத் தெரியும். பல்லும் நகமும் எபாக்ஸி புட்டியில் செய்து, வாய் மூடினால் பல் வெளியே துருத்தாதபடி பதியுங்கள். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மணி போதும். பாம்பின் கீற்றுப் பாவை வேண்டாம். எல்லாம் காய்ந்தபின் முழு உடலுக்கும் கறுப்பு வண்ணம் அடித்துவிடுங்கள். இல்லையேல் இறகின் இடுக்கில் வெள்ளைத் தாள் பல்லிளிக்கும்.

இறகு

கணக்கு இதுதான். மைக்ரோராப்டரின் ஒரு கைச்சிறகில் கையில் பதிந்த நீண்ட இறகு சுமார் 12, முன்கையில் பதிந்தவை சுமார் 18. கோழிக்கு ஒரு சிறகில் கை இறகு 10தான். ஆகவே இரண்டு சேவலிலிருந்து முன்சிறகுகள் இரண்டும் நிறைவாகும். பின்கால்களுக்கு இன்னும் இரண்டு சேவல். மொத்தம் நான்கு, ஏறக்குறைய ஒரே பருமனில். உடலுக்கான சிற்றிறகு இவற்றிலிருந்தே தாராளமாக வரும். கழுத்தின் ஈட்டி போன்ற கூர் இறகை ஒதுக்குங்கள். மார்பிலும் முதுகிலும் உள்ள வட்ட முனை இறகே உடம்புக்குப் பொருந்தும்.

கறிக்கடையில் வெந்நீரில் முக்குவதற்கு முன்பே சிறகையும் வாலையும் கேட்டு வாங்க வேண்டும். வெந்நீரில் முங்கினால் மடல் கலைந்து மினுமினுப்பு போகும். பறவைக் காய்ச்சல் 2006 முதல் பர்மாவில் வந்துபோகும் நோய். செத்த கோழியின் இறகையோ கோழி சாகும் பகுதியின் இறகையோ தொடாதீர்கள். பிரிக்கும்போது முகமூடியும் கையுறையும் போடுங்கள். மயிலிறகோ வேறு காட்டுப்பறவை இறகோ வேண்டாம். பச்சை மயில் அழிவை நெருங்கிய பறவை.

ஒரு வாளி வெதுநீரில் இரண்டு கரண்டி பாத்திரச் சோப்புத் திரவம் விட்டு அலசி, நல்ல தண்ணீரில் மூன்று தரம் அலசி, மெல்லிய துணியில் பரப்பி நிழலில் காயவையுங்கள். ஈரத்தில் இறகு செத்த எலி போல ஒட்டிக்கிடக்கும். பயப்பட வேண்டாம். காய்ந்ததும் தண்டிலிருந்து நுனி நோக்கி விரலால் நீவினால் கொக்கிகள் மறுபடி பூட்டிக்கொள்ளும். பின் இறுகக் கட்டிய பையில் உறைபெட்டியில் ஒரு வாரம். பேனும் வண்டு முட்டையும் சாக மூன்று நாள் போதும் என்றாலும், நம் மின்வெட்டில் குளிர் நிலைக்காது. ஒரு வாரம் வைத்து, இரண்டு நாள் வெளியே எடுத்து, மறுபடி ஒரு வாரம் வைத்தால் தப்பிய முட்டை பொரிந்ததும் சாகும்.

இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் தனித்தனிப் பெட்டியில் போடுங்கள். தண்டின் இருபுற மடலும் ஒரே அகலம் இல்லை. ஒடுங்கிய மடல் காற்றை எதிர்கொள்ளும் முன்பக்கம். மைக்ரோராப்டரின் நீண்ட இறகுகளிலும் இந்த ஏற்றத்தாழ்வு கல்லில் தெளிவாகத் தெரிகிறது. இடமும் வலமும் கலந்துவிட்டால் சிறகு முறுக்கிக்கொண்டு நிற்கும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் கோளாறு தெரியும்.

கை இறகு 10 முதல் 20 செ.மீ., பின்கால் இறகு 11 முதல் 15 செ.மீ. என்ற வரம்புக்குள், படத்தில் அளந்தபடி வெட்டுங்கள். வெட்டுவது அடித்தண்டில், நுனியில் கத்தரி படக் கூடாது.

பதிப்பது கீற்றுக் கூரை வேய்வது போல. வீட்டுக்கு இறவாணத்தில் தொடங்கி முகட்டில் முடிப்போம். இங்கே வால் நுனியில் தொடங்கித் தலையில் முடியுங்கள், வயிற்றில் தொடங்கி முதுகில் முடியுங்கள். வாலின் பின்பகுதியில் இருபுறமும் விசிறி போல விரிந்து, நுனியில் நடு இறகு இரண்டு நீண்டு தெரியட்டும்; அதற்குச் சேவலின் வளைந்த வாலிறகு ஆகாது, நேரான சிறகிறகே ஆகும்.

கைச்சிறகுக்கு முதலில் தடித்த அட்டையில் 1 செ.மீ. பட்டை வெட்டி, கையின் இரண்டாம் விரலிலும் முன்கையின் பின் ஓரத்திலும் கம்பியோடு கட்டுங்கள். இறகு விரல் நுனியிலிருந்தே தொடங்க வேண்டும். முன்கையில் மட்டும் இறகு வைத்துக் கையை மொட்டையாக விடுவதே கடைகளில் விற்கும் பொம்மைகளின் பெரிய பிழை. ஆகக் கடைசி வெளி இறகை முதலில் ஒட்டுங்கள். அதன் அகன்ற மடலின் மேல் அடுத்த இறகின் ஒடுங்கிய மடல் ஏறி உட்கார, உடம்பை நோக்கி ஒவ்வொன்றாக வாருங்கள். மேலிருந்து பார்க்கையில் உள்ளிறகு வெளியிறகை மூட வேண்டும். வெள்ளைப் பசை காய நேரமெடுக்கும், அதுவே நல்லது. கோணம் தப்பினால் பத்து நிமிடம் வரை திருத்தலாம். குளூ கன் வேகமானதுதான், ஆனால் ஏப்ரல் வெயில் பட்ட அறையில் அந்தப் பசை இளகி இறகு சரியும். அடித்தண்டுகளை இரண்டு வரிசைச் சிற்றிறகால் மூடுங்கள். பின்காலில் பாதத்தின் நீள்பகுதியில் 14 இறகு, அதற்கு மேல் கெண்டைக்காலில் குட்டையானவை, எல்லாம் பின்னோக்கி.

முகத்தில் மூக்கு நுனிக்குச் சற்று முன்பு வரை அரை செ.மீ. பஞ்சிறகு வையுங்கள். சாமணத்தால் ஒவ்வொன்றாக வைக்க ஒரு முழுநாள் ஆகும். அவசரப்பட்டால் முகம் முள்ளம்பன்றியாகும்.

விளக்க அட்டையும் அம்பரும்

பர்மாவில் இந்த உருவத்தைப் பார்க்கும் ஒருவராவது ‘நம் நாட்டு அம்பரில் டைனோசர் வால் கிடைத்ததாமே’ என்று கேட்பார். அதற்குத் தனி அட்டை வையுங்கள். அம்பர் என்பது கல்லாகிப்போன மரப்பிசின். கச்சின் மாநிலத்து ஹூகாங் பள்ளத்தாக்கு அம்பர் அது, சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமை. 2015இல் மியிச்சீனா அம்பர்ச் சந்தையில் சீன ஆய்வாளர் ஷிங் லிடா கண்டெடுத்தார். விற்றவர்கள் அதைச் செடி என்று நினைத்திருந்தார்கள். 2016 டிசம்பரில் ஆய்வு வெளிவந்தது. உள்ளே 3.7 செ.மீ. வால், மேலே செம்பழுப்பு, கீழே வெளிர் நிறம். அந்த இறகுகளுக்கு வலுவான நடுத்தண்டு இல்லை, வாலும் நெகிழ்வானது. ஆகவே அதன் நிறத்தையோ மென்மையையோ எடுத்து மைக்ரோராப்டருக்குப் போடாதீர்கள். இடையில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு, விலங்கும் வேறு.

கண்காட்சிக்காக அம்பர் வாங்க வேண்டாம், படம் அச்சிட்டால் போதும். 2017 ஜூனில், அந்த அம்பர் கிடைக்கும் தனாய் சுரங்கப் பகுதியை ராணுவம் பிடித்தபின் அந்தக் கல்லோடு சண்டையும் இடம்பெயர்ந்த மக்களின் துயரமும் கலந்திருக்கிறது. முதுகெலும்புத் தொல்லுயிரியல் சங்கம் 2020இல் அந்த அம்பர் மீதான ஆய்வுகளை வெளியிடுவதை நிறுத்திவைக்கும்படி ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. வீட்டில் பழைய அம்பர் மணி இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை காட்டலாம். 200 மி.லி. தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்துப் போட்டால் அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்கலைட்டும் மூழ்கும். ஆனால் மிதப்பதெல்லாம் அம்பர் அல்ல. ‘கோபல்’ என்னும் இளம்பிசினும் சில பிளாஸ்டிக்கும்கூட மிதக்கும். உள்ளே இறகு தெரிகிற மலிவான மணி என்றால் பெரும்பாலும் இன்றைய இறகைப் பிசினில் முக்கியதே.

ஊகப் பத்திக்கு எடுத்துக்காட்டாக ஓக்குலுடென்டாவிஸையும் சேர்க்கலாம். பர்மிய அம்பரில் இருந்த ஒரு சிறு மண்டையோட்டை 2020 மார்ச்சில் மிகச் சிறிய பறவை வகை டைனோசர் என்று வெளியிட்டு, ஜூலையில் திரும்பப் பெற்றார்கள். அது பல்லியினம்.

அட்டைகளைத் தமிழிலும் பர்மிய மொழியிலும் எழுதுங்கள். பள்ளியில் பர்மிய மொழியில் படிக்கும் பிள்ளைகள் அறிவியல் சொல்லை அந்த எழுத்தில்தான் அறிவார்கள். கண்காட்சி கோயில் மண்டபத்தில் என்றால் கோழியிறகு என்பதை முன்கூட்டியே தர்மகர்த்தாவிடம் சொல்லி இடம் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பறையில் வைப்பதே எல்லாருக்கும் உகந்ததாக இருக்கும்.

பெட்டியும் விளக்கும்

கண்ணாடிப் பெட்டி இல்லாமல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. இறகு தின்னும் வண்டுப்புழு ஆறு வாரத்தில் மடலைத் தண்டாக்கிவிடும். பெட்டியின் இடுக்குகளைச் சிலிக்கானால் அடைத்து, 200 கிராம் சிலிக்கா ஜெல்லைத் துணிப்பையில் வைத்து, நிறம் மாறும்போது வாணலியில் சிறுதீயில் வறட்டி மீண்டும் போடுங்கள். பாச்சை உருண்டை வைப்பதானால் உருவத்துக்குள் தெர்மோகோல் இருக்கக் கூடாது, அந்த ஆவியில் தெர்மோகோல் உருகிக் குழியும். மாதம் ஒருமுறை கிளையின் அடியில் தூள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் உடனே பெட்டியோடு பூட்டி மருந்து வைக்க வேண்டும்.

வெயில் படும் சுவர் வேண்டாம். நேர் மேலே டியூப்லைட் போட்டால் இவ்வளவு பாடுபட்ட இறகு வெறும் கரித்துணி போலக் கிடக்கும். ஒளி சாய்ந்து விழுந்து கண்ணுக்குத் திரும்பும்போதுதான் நீலமும் பச்சையும் எழும். பார்க்கிறவர் தோளுக்குப் பின்னாலிருந்து, சுமார் 45 பாகைச் சாய்வில், ஒரு சிறிய வெள்ளை எல்.இ.டி. விளக்கு வையுங்கள். பெட்டிக்கு முன்னால் இரண்டு அடி நடக்க இடமும் விடுங்கள்; நடக்க நடக்கத்தான் அந்த நிறம் சிறகில் ஓடும்.